ஒன்-பாக்கெட்டில் தற்காப்பு அடி: வெள்ளையைத் தூரமாக அனுப்புவதா, ஆபத்தான பந்தை அகற்றுவதா?

பார்வதிபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நான் தோற்ற ஓர் ஆட்டத்தின் ஒரே ஓர் அடியைப் பற்றி இங்கே கேட்க விரும்புகிறேன். தோல்வி எனக்குப் புதிதன்று. ஆனால் இந்த முறை எந்த இடத்தில் தவறினேன் என்பதே எனக்கு விளங்கவில்லை.

ஒன்-பாக்கெட் ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூல் மேசையின் ஆறு பாக்கெட்டுகளில், பந்துகளை அடுக்கும் அடிப்பக்கத்து மூலைகள் இரண்டு மட்டுமே கணக்கில் வரும். ஒரு மூலை எனக்கு, மற்றது எதிராளிக்கு. 15 பந்துகளில் முதலில் 8 பந்துகளைத் தன் மூலையில் போட்டவர் வென்றவர். எதிராளியின் மூலையில் நான் ஒரு பந்தை வீழ்த்திவிட்டால் அது அவர் கணக்கில் சேரும். மற்ற நான்கு பாக்கெட்டுகளில் விழுவது மீண்டும் ஸ்பாட்டுக்கு, அதாவது அடிப்பக்கத்தில் பந்துகளை அடுக்கக் குறித்த புள்ளிக்கு, வந்துவிடும். ஒவ்வோர் அடியிலும் வெள்ளை (கியூ என்னும் கோலால் நாம் அடிக்கும் பந்து) ஒரு பந்தைத் தொட்ட பிறகு, ஏதாவது ஒரு பந்து விழ வேண்டும் அல்லது ஏதாவது ஒரு பந்து குஷனை, அதாவது மேசையின் ஓரத்தடுப்பை, தொட வேண்டும். இல்லையென்றால் ஃபவுல், போட்ட பந்துகளில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ஆட்டமே போய்விடும்.

இனி நிலைமைக்கு வருகிறேன். எட்டடி மேசை. அடிப்பக்கத்துக்கு எதிரான தலைப்பக்கத்தில் நின்று பார்த்தால் வலது மூலை என்னுடையது, இடது மூலை எதிராளியுடையது. நான் 4, அவர் 5. மேசையில் 6 பந்துகள் மீதி. 6ஆம் எண் பந்து, எதிராளியின் மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிக் குஷனுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது. 11ஆம் எண், என் மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதே அடிக் குஷனுக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றது. 2, 9, 14 ஆகிய மூன்றும் என் பக்கத்தில், ஸ்பாட்டுக்கு வலப்புறம் ஒன்றையொன்று ஒட்டிக் கொத்தாக நின்று, வெள்ளைக்கும் 11க்கும் இடையிலான வழியை அடைத்துக்கொண்டிருந்தன. 3ஆம் எண் தலைப்பக்கத்து இடது மூலையருகே தனியாகக் கிடந்தது. வெள்ளை மேசையின் நடுவில், வலது நடு பாக்கெட்டை ஒட்டிய பக்கம் நின்றது. ஆட வேண்டியவன் நான்.

6ஐ அதன் இடப்பக்கத்தில் மெல்லியதாக உரசி, வெள்ளையை அடிக் குஷன், இடது குஷன் என்று இரண்டில் பட வைத்து, தலைக் குஷனோடு ஒட்டி நிறுத்துவது என்று முடிவு செய்தேன். உரசல் நன்றாகவே அமைந்தது. ஆனால் வேகம் சற்று மிகுந்து, வெள்ளை தலைக் குஷனில் பட்டு, வலது குஷனிலும் பட்டு, நடு பாக்கெட்டுக்குச் சற்று மேலே வெட்டவெளியில் வந்து நின்றது. எதிராளி 6ஐ வெட்டிப் போட்டார்; அதன்பின் மேலும் இரண்டு; ஆட்டம் முடிந்தது. என் அடியின் எண்ணம் சரி, செய்ததில்தான் பிழை என்று நான் நினைக்கிறேன். இது சரியான கணிப்புதானா?

கோட்டாறு 9-பால்

அந்த எதிராளி நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொன்ன நிலைமை முழுவதும் சரி. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வெள்ளை தலைக் குஷனில் ஒட்டி நின்றிருந்தால் நான் 6ஐ முயன்றிருக்கவே மாட்டேன். குஷனோடு ஒட்டிய வெள்ளையின் மேற்பாதியை மட்டுமே கியூ தொட முடியும். பின்னிழுப்பு (மோதிய பிறகு வெள்ளையைப் பின்னோக்கி வர வைக்கும் சுழற்சி) கிடைக்காது, நீண்ட தூரத்தில் குறியும் தளரும். ஆகவே அந்த அடியின் எண்ணத்தில் குறை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

தக்கலை வாசகசாலை

நான் பூல் ஆடியவன் அல்லன். எங்கள் ஊர் வாசகசாலையில் முப்பது ஆண்டுகளாகக் கேரம் ஆடுபவன். விதியைப் படித்ததும் எனக்கு நம் ‘டியூ’ நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காயைத் திருப்பி வைப்பது போலத்தான் இதுவும் போலிருக்கிறது. ஒரு கேள்வி: அந்த மூன்று பந்துக் கொத்தின் மேல் வெள்ளையை மெல்லத் தட்டி ஒட்ட வைத்துவிட்டால் எதிராளிக்கு என்ன கிடைக்கும்? கேரத்தில் எதிரியின் காய்க்குக் குறுக்கே நம் காயை வைத்து மறிப்பது வழக்கம்.

பார்வதிபுரத்தான்

அதையும் நினைத்தேன், ஐயா. இரண்டு தடைகள் இருந்தன. மெல்லத் தட்டினால் எந்தப் பந்தும் குஷன் வரை போகாமல் ஃபவுல் ஆகக்கூடும். அதைவிட, கொத்தின் மேல்பக்கத்தில் வெள்ளை நின்றால் 6ஆம் எண் திறந்த வெளியில் தெரியும். அங்கிருந்து அதை அவர் மூலைக்கு வெட்டுவது எளிய கோணம். கொத்து மறைப்பது என் 11ஐ மட்டும்தான், அவருடைய 6ஐ அன்று.

குளச்சல் கப்பல்காரர்

தம்பிமார் இருவரும் ஒரே கருத்தில் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நீங்கள் இருவரும் ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வந்தவர்கள் என்பது இந்த அடியிலேயே தெரிகிறது. ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூரில் தொடங்கி, உதகை கிளப்பில் விதிகள் வடிவம் பெற்றது. அந்த ஆட்டத்தில் சிவப்புப் பந்தை உரசிவிட்டு வெள்ளையைத் தலைப்பக்கத்துக்கே திருப்பி அனுப்புவது நூறாண்டுப் பழக்கம், அங்கே அது சரியும்கூட. ஏனென்றால் ஸ்னூக்கரில் எதிராளிக்கு ஆறு பாக்கெட்டுகளும் சொந்தம்; அவனைத் தூரத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு. ஒன்-பாக்கெட்டில் அவனுக்கு ஒரே ஒரு வாய்தான், அதாவது ஒரே ஒரு பாக்கெட்தான், உண்டு. வெள்ளை அந்த வாய்க்கு அருகிலேயே கிடந்தால், மேசையிலுள்ள அத்தனை பந்துகளும் வெள்ளைக்கு அப்பால் போய்விடும். அவன் எந்தப் பந்தை அடித்தாலும் அது தன் மூலையை விட்டு விலகித்தான் ஓடும். நேரடியாகப் போட அவனுக்கு ஒன்றுமே இராது. எதிரில் உள்ள குஷனில் அடித்துத் திரும்ப வர வைக்கும் பேங்க் அடி மட்டுமே மிஞ்சும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கப்பலில் வேலை பார்த்த காலத்தில், துறைமுக ஊர்களில் உள்ள மாலுமிகள் மன்றங்களில், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோழர்களிடம் தோற்றுத் தோற்றுக் கற்றது. அவர்கள் எஃப்ரன் ரெயெஸின் நாட்டுக்காரர்கள். ‘மந்திரவாதி’ என்று உலகம் அழைத்த அந்த மனிதர் 1999இல் நைன்-பால் உலகப் பட்டம் வென்றவர் என்றாலும், அவரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கண்கள் விரிந்தது ஒன்-பாக்கெட்டுக்காகத்தான். அமெரிக்காவில் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக்கில் அந்த ஆட்டத்தில் அவர் பலமுறை பட்டம் பெற்றார்.

ஆகவே தம்பியின் நிலைமையில் நான் வேறு அடி அடித்திருப்பேன். 6ஐ ஏறக்குறைய முழுமையாக, வெள்ளை அங்கேயே நின்றுவிடும்படி ஸ்டன் அடியாக (மோதும் கணத்தில் வெள்ளை முன்னோ பின்னோ சுழலாத அடி) அடிப்பேன். 6 அடிக் குஷனில் பட்டு, இடது குஷனில் பட்டு, மேசையின் மேல்பக்கத்துக்கு ஓடிவிடும். வெள்ளை 6 இருந்த இடத்திலேயே, அதாவது எதிராளியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும். குஷனை 6 உடனே தொட்டுவிடுவதால் ஃபவுல் அச்சமும் இல்லை.

கோட்டாறு 9-பால்

அண்ணாச்சி, மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் அடியால் எனக்கு நேரடி வாய்ப்பு இல்லை என்பது சரி. ஆனால் அண்ணனுக்கு என்ன ஆதாயம்? நான் பதிலுக்கு ஒரு தற்காப்பு அடி அடித்துவிட்டால் ஆட்டம் பழைய நிலைக்கே வரும். உரசல் சரியாக அமைந்திருந்தாலோ, நான் தலைக் குஷனில் மாட்டிக்கொண்டு தவித்திருப்பேன். அடுத்த வாய்ப்பு அண்ணனுக்குத்தான் வந்திருக்கும். சரியாக விழுந்தால் எது வலுவானது என்று பார்த்தால் உரசல்தானே?

மார்த்தாண்டம் கணக்கு வாத்தியார்

“சரியாக விழுந்தால்” என்ற அந்தச் சொல்லில்தான் கேள்வியே இருக்கிறது என்று கருதுகிறேன். இரண்டு அடிகளையும் அவை சரியாக அமையும்போது ஒப்பிடுகிறீர்கள். சற்றுப் பிசகும்போது எது எவ்வளவு நட்டத்தில் முடியும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே.

பந்துகள் மோதும்போது வேகம் பங்கிடப்படும் கணக்கு எளியது. ஸ்டன் அடியில் பாதிப் பந்து பட்டால், அதாவது முன்னிருந்து பார்க்க வெள்ளை மற்ற பந்தின் பாதியை மறைக்கும்படி மோதினால், வெள்ளை தன் வேகத்தில் பாதியை வைத்துக்கொள்ளும். அடிபட்ட பந்துக்குச் சுமார் 87 விழுக்காடு வேகம் போகும். (இரண்டையும் கூட்டினால் நூறு வர வேண்டும் என்று மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். வேகங்களின் வர்க்கங்கள்தான் கூட வேண்டும், 0.5இன் வர்க்கமும் 0.87இன் வர்க்கமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்று.) முழுப் பந்து பட்டால் எல்லா வேகமும் மற்றதற்குப் போய் வெள்ளை நின்றுவிடும். மெல்லிய உரசலிலோ ஏறக்குறைய எல்லா வேகமும் வெள்ளையிடமே தங்கிவிடும்.

உருளும் பந்து போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கை பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்டிவிட்டால் தூரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எட்டடி மேசையின் ஆடுபரப்பு 88க்கு 44 அங்குலம். தம்பியின் உரசலில் வெள்ளை 6ஐத் தொட்ட பிறகு இரண்டு குஷன்கள் வழியாகத் தலைக் குஷனை அடைய ஏறக்குறைய எட்டடி ஓட வேண்டும். அப்படியானால் கைவேகத்தின் சிறு பிசகு ஒன்றரை அடிக்கு மேல் பிழையாகிவிடும். அந்தப் பிழை முழுவதும் வெள்ளையின் தலையிலேயே விழும். வெள்ளை எங்கே நிற்கிறது என்பதுதானே எல்லாம்? கப்பல்காரர் ஐயாவின் அடியில் வெள்ளை அசைவதே இல்லை. கைவேகப் பிசகு முழுவதும் 6ஆம் எண்ணுக்குப் போய்விடுகிறது. அது மேல்பக்கத்தில் ஒன்றரை அடி முன்னே நின்றால் என்ன, பின்னே நின்றால் என்ன?

தக்கலை வாசகசாலை

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆடு புலி ஆட்டத்தில், ஒரு நகர்த்தல் தவறினாலும் வெட்டுப்படாத கட்டத்தில்தான் ஆட்டை வைப்போம்.

பார்வதிபுரத்தான்

வாத்தியார் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ஓர் ஐயம். ஸ்டன் அடியில் கைவேகம் குறைந்துவிட்டால் 6 மேல்பக்கம் போகாமல், இடது நீளக் குஷனில் பட்டு அங்கேயே சோர்ந்து நின்றுவிடுமே? அவர் மூலையிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் ஒரு பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போலாகாதா?

குளச்சல் கப்பல்காரர்

நல்ல கேள்வி, மக்களே. ஆகாது. வெள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: அடிக் குஷன் ஓரமாக, மூலைக்கு ஒரு சாண். 6 நிற்பது அதற்கு மேலே. கீழே இருக்கும் வெள்ளையால் மேலே இருக்கும் பந்தைக் கீழ்நோக்கித் தள்ள முடியாது. அந்த ஒரு முறைக்கு அவனால் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போக முடியும். அடுத்த முறை அது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் உங்கள் முறை ஒன்று வருகிறது.

கோட்டாற்றுத் தம்பி, ஆதாயம் என்ன என்று கேட்டீர்களே. நீங்கள் எல்லோரும் 11ஐ மறந்துவிட்டீர்கள். என் அடிக்குப் பிறகு நீங்கள் வெள்ளையருகே வந்து குனிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே, அதே அடிக் குஷன் ஓரமாக, பார்வதிபுரத்தாரின் மூலைக்கு ஒரு சாண் தூரத்தில் 11 நிற்கிறது. அதை அப்படியே விட்டுவைக்க உங்களால் முடியாது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதை முழுமையாக அடித்தால் அது நேராக அவர் வாய்க்குள் போய்விடும். உங்கள் கையாலேயே அவருக்கு ஒரு பந்து. அதன் அடிக் குஷன் பக்கத்தை மெல்லியதாகத் தொட்டு மேல்நோக்கி நகர்த்த வேண்டும். அதற்கு இருக்கும் இடுக்கோ சிறியது. தற்காப்பு அடியைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளை நின்ற இடத்துக்குப் போய், எதிராளியாக மனத்துக்குள் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். நான் மேசையைச் சுற்றி நடந்து உண்மையாகவே குனிந்து பார்த்துவிடுவேன். பார்ப்பவர்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று

ஒரு நடைமுறைச் செய்தி. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளிர்சாதனம் இல்லாத கூடங்களில் ஜூன், ஜூலை மாதங்களிலும் ஐப்பசியிலும் மேசைத் துணி ஈரம் வாங்கிக் கனத்துவிடும். கோடையில் எட்டடி ஓடிய அதே கைவேகம் அப்போது ஆறடியோடு நின்றுவிடும். நீண்ட தூரம் வெள்ளையை ஓடவிடும் அடியைத் தேர்ந்தெடுப்பவர் அன்றைய துணியின் வேகத்தையும் கணிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளை நின்றுவிடும் அடிக்கு அந்தத் தொல்லை குறைவு. எங்கள் ஊரில் கால் ஆட்டம் முடிவதற்குள் துணி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பார்கள். அந்தக் கால் ஆட்டத்தில்தான் நான் வழக்கமாகத் தோற்றுவிடுகிறேன்.

கோட்டாறு 9-பால்

அண்ணாச்சியின் 11ஆம் எண் விளக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மதிப்பெண் நிலையை யாரும் பேசவில்லையே? அண்ணன் 4, நான் 5. இதுவே நான் 7இல் இருந்து எனக்கு ஒரே ஒரு பந்து தேவைப்பட்டிருந்தால்?

மார்த்தாண்டம் கணக்கு வாத்தியார்

அப்போது கப்பல்காரர் ஐயாவின் அடி இன்னும் கட்டாயமாகிவிடும். எதிராளிக்கு ஒரே பந்து தேவைப்படும்போது, அவர் மூலையருகே நிற்கும் எந்தப் பந்தும் ஆட்டம் முழுமைக்கும் சமம். வெள்ளையை எத்தனை தூரம் அனுப்பினாலும் அந்தப் பந்து அங்கேயே இருக்கிறது. அந்தக் கட்டத்தில், நல்ல வழி எதுவும் இல்லாதபோது, வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஒரு பந்தை இழப்பதுகூடக் கணக்குக்கு ஒத்துவரும். ஒரு பந்து போவது ஆட்டம் போவதைவிட மலிவு. மூன்றாவது ஃபவுலை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இந்த நிலைமையில், வெள்ளையை அதே இடத்தில் தண்டனையே இல்லாமல் வைக்க வழி இருக்கும்போது ஃபவுலுக்கு வேலையில்லை.

மாறாக, நீங்கள் 2இலும் அண்ணன் 7இலும் இருந்திருந்தால் அவர் துணிந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னணியில் இருப்பவர் பந்துகளைத் தலைப்பக்கம் ஓட்டி ஆட்டத்தை மந்தப்படுத்துவதே முறை. 6 மேலே போவது அதற்கும் பொருந்துகிறது.

பார்வதிபுரத்தான்

நேற்று மாலை கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, கோட்டாற்றுத் தம்பியையும் அழைத்துக்கொண்டு போய், அதே நிலைமையைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்து இரண்டு அடிகளையும் பத்துப் பத்து முறை அடித்துப் பார்த்தேன். மேசை உரிமையாளர் துணியில் குறியிட்டதற்குக் கடிந்துகொண்டது தனிக்கதை.

உரசலில் மூன்று முறை வெள்ளை நான் விரும்பியபடி தலைக் குஷனோடு நின்றது. நான்கு முறை ஓரளவு பரவாயில்லை. மூன்று முறை ஞாயிற்றுக்கிழமை நடந்ததே மீண்டும் நடந்தது. இத்தனைக்கும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வசதி எனக்கு இருந்தது. ஆட்டத்தில் அது ஒரு முறைதான் வரும்.

ஸ்டன் அடியில் எட்டு முறை வெள்ளை தம்பியின் மூலையருகே நின்றது. 6 எங்கெங்கோ போய் நின்றாலும் தம்பிக்கு நேரடியாகப் போட ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு முறை, யாரும் எச்சரிக்காத ஒன்று நடந்தது. 6 குஷனில் பட்டு நேராகத் திரும்பி வந்து வெள்ளையிலேயே மோதியது. வெள்ளை மேசை நடுவுக்குத் தள்ளப்பட்டது. 6 மூலையருகிலேயே தங்கிவிட்டது. இது உரசல் பிசகியதைவிட மோசமான நிலை. ஏன் இப்படி நடக்கிறது, அண்ணாச்சி?

குளச்சல் கப்பல்காரர்

அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள். 6 குஷனுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில்தான் நிற்கிறது. அது போய்த் திரும்பும் நேரத்துக்குள் வெள்ளை அதே இடத்தில்தான் இருக்கும். நீங்கள் 6இன் இடப்பக்கத்தைத் தொட்டிருப்பீர்கள். பழைய உரசல் பழக்கம் கையில் இருக்கிறது. இடப்பக்கம் பட்டால் 6 குஷனுக்கு நேர்குத்தாகப் போய் நேர்குத்தாகவே திரும்பும். வெள்ளைதான் வழியில் நிற்கும். முழுப் பந்தைக் குறிவைத்து, பிசகினால் வலப்பக்கம் பிசகும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் பட்டால் 6 இடது குஷனை நோக்கிச் சாய்ந்து விலகிவிடும். ஆனால் வலப்பக்கம் அதிகமாகவும் போகக்கூடாது. கால் பங்கு தவறினால் அது அவர் வாயைத் தேடிப் போகும். 6 குஷனோடு முழுமையாக ஒட்டியிருந்தால் இந்த அடியையே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பார்வதிபுரத்தான்

குறி இடப்பக்கமே போயிருந்தது. தம்பியும் பின்னால் நின்று பார்த்து அதையே சொன்னார். இனி வலப்பக்கம் ஒரு மயிரிழை வைத்து அடித்துப் பழகுகிறேன்.

கோட்டாறு 9-பால்

நேற்று அந்த எட்டு முறையும் வெள்ளையருகே குனிந்தவன் நான். 11ஐ நகர்த்த எட்டு முறையும் முயன்றேன். மூன்று முறை அதை அண்ணன் மூலையிலேயே போட்டுக் கொடுத்தேன்.